லைசென்ஸ் கைக்கு வரட்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சான் ஹோசேயில் ஒரு வீட்டு பேக்யார்டு வேலையை 8,000 டாலருக்குப் பேசி முடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். லைசென்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர் நம்ம ஊர்க்காரர், ஒன்றும் கேட்க மாட்டார் என்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கலிஃபோர்னியாவில் கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 1,000 டாலரைத் தொட்டாலே ஒப்பந்தக்காரர் உரிமம் வேண்டும். 2025 பிறக்கும்வரை 500 டாலர்தான் வரம்பு. தொகை குறைவாக இருந்தாலும், கூலிக்கு ஆள் வைத்தாலோ பெர்மிட் வாங்க வேண்டிய வேலையாக இருந்தாலோ சலுகை கிடையாது. நம் தோட்ட அமைப்புத் தொழிலுக்கு சி-27 என்ற உரிமப் பிரிவு. கடைசிப் பத்து ஆண்டுகளுக்குள் தேர்ந்த தொழிலாளியாக நான்கு ஆண்டு வேலை பார்த்ததை, நேரில் அறிந்தவர் ஒருவர் உறுதி செய்ய வேண்டும். பிறகு இரண்டு தேர்வு, 25,000 டாலர் பாண்டு. மிரளாதே, பாண்டுக்கு முழுப் பணத்தையும் கட்ட வேண்டியதில்லை; பிரீமியம் கட்டினால் போதும்.

லைசென்ஸ் இல்லாமல் மாட்டினால் அபராதம் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் ஒப்பந்தக்காரர் உரிமச் சட்டத்தின் 7031-ஆம் பிரிவு. அதன்படி, உரிமம் இல்லாதவன் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது. வாங்கிய பணத்தையும் வீட்டுக்காரர் திரும்பக் கேட்கலாம். வேலை சுத்தமாக இருந்தாலும், உனக்கு லைசென்ஸ் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தாலும் அதே கதிதான். பாம் ஸ்பிரிங்ஸில் உரிமம் இல்லாமல் அலைக்குளம் அமைத்துக் கொடுத்த ஹைட்ரோடெக் நிறுவனம், தங்களை ஏமாற்றி வேலை வாங்கினார்கள் என்றுகூட வாதாடிப் பார்த்தது. 1991-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. ஒரு கம்பெனிக்கே அந்தக் கதி. ஊர்க்காரர் என்ற உறவெல்லாம் கடைசித் தவணை வரைக்கும்தான், தம்பி.

லைசென்ஸ் வந்த பிறகும் முன்பணத்தில் கை அடக்கம் வேண்டும். வீட்டு வேலைக்குப் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதுதான். உன் 8,000-க்கு 800.

பெர்மிட் வேறு விஷயம்; அது நகராட்சியின் கையில். மண் தாங்கும் சுவர் பொதுவாக நாலு அடிக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டாம். ஆனால் அந்த நாலு அடியை அஸ்திவாரத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும். வெளியே தெரியும் உயரத்தை மட்டும் அளந்துவிட்டு மாட்டிக்கொள்வார்கள்.

தோண்டுவதற்கு இரண்டு வேலை நாள் முன்னதாக, நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்லும் 811 எண்ணுக்குச் சொல்லிவிடு. தோண்டும் இடத்தை நீ வெள்ளையில் குறி. அந்தந்தக் குழாய், கம்பிக்குரிய நிறுவனத்தார் வந்து கேஸுக்கு மஞ்சள், கரண்டுக்குச் சிவப்பு, குடிநீருக்கு நீலம் என்று கோடு போடுவார்கள். கோட்டுக்கு இருபுறமும் 24 அங்குலத்துக்குள் மெஷினை இறக்காதே. முதலில் கையால் தோண்டிக் குழாயைப் பார்த்துவிடு.

அந்த வீட்டுக்காரரிடம் இன்றே பேசு. சி-27 வைத்திருக்கும் ஒருவர் ஒப்பந்தம் போடட்டும், நீ அவரிடம் சம்பளத்துக்குச் சேர்ந்து அதே வேலையைச் செய். அந்த மாதங்களும் உன் நான்கு ஆண்டுக் கணக்கில் சேரும்.

அன்புடன்,
அண்ணன்