சிண்டரெல்லா ஏன் பணிந்தாள்?

சிண்டரெல்லாவின் கதையை அறியாத மாணவர் நம் பள்ளியில் இலர். நாம் அறிந்த பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிக் காலணியும் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காணப்படுகின்றன. ஜெர்மனியின் கிரிம் உடன்பிறந்தார் 1812இல் அச்சிட்ட கதையில் தேவதையே இல்லை. தாயின் கல்லறையருகே வளர்ந்த மரமும் பறவைகளும் அப்பெண்ணுக்கு உதவுகின்றன. சீன நாட்டிலோ ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இத்தகைய கதையொன்றை எழுதி வைத்துள்ளனர். அங்கே துணை புரிவன ஒரு மீனின் எலும்புகள். நாம் நன்கறிந்த பாவாங் மேரா, பாவாங் பூத்தே என்னும் மலாய்க் கதையிலும் மீன் வருவதை மாணவர்கள் ஒப்பிட்டு மகிழலாம்.

இக்கதையைப் படிக்கும்போது நமக்குள் ஒரு வினா எழ வேண்டும். மாற்றாந்தாய் ஏவிய வேலைகளையெல்லாம் அப்பெண் ஏன் மறுக்காமல் செய்தாள்? ஒரு நாளேனும் 'முடியாது' என்று அவள் ஏன் சொல்லவில்லை? அவள் நல்லவள், ஆகவே பணிந்தாள் என்று பழங்கதை நம்மை அமைதிப்படுத்திவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் கேல் கார்சன் லெவின் அவ்வாறு அமைதியடையவில்லை. இக்கதையைப் புதிதாக எழுத முற்பட்டபோது, அத்துணை நல்லவளாக ஒரு பெண் இருப்பாள் என்பதை அவரால் நம்ப இயலவில்லை. அந்த ஐயத்திலிருந்து பிறந்ததே 1997இல் வெளிவந்த 'எல்லா என்சான்டட்' என்னும் ஆங்கில நாவல். மந்திரத்தால் கட்டுண்ட எல்லா என்பது அதன் பொருள். (எல்லா என்பது இங்கே ஒரு சிறுமியின் பெயர்; 'எல்லாம்' என்று படித்துக் குழம்ப வேண்டா.) 1998இல் இந்நூல் நியூபெரி சிறப்புத் தகுதியைப் பெற்றது.

எல்லா பிறந்தவுடன் லூசிண்டா என்னும் தேவதை வந்து பரிசொன்று தருகிறாள். யார் கட்டளையிட்டாலும் குழந்தை அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதே அப்பரிசு! லூசிண்டா இதைப் பெரிய வரமென்றே கருதுகிறாள். அது சாபம் என்பதை ஐந்தாம் பிறந்தநாள் காட்டிவிடுகிறது. சமையற்காரி மேண்டி அணிச்சலைக் கொடுத்து, 'உண்' என்கிறாள். குழந்தை உண்கிறாள். வயிறு நிறைந்த பின்னும், கண்ணீர் வழிய, உண்டுகொண்டே இருக்கிறாள். 'நிறுத்து' என்று மேண்டி சொல்லும்வரை அவளால் நிறுத்த இயலவில்லை. உண் என்னும் அன்பான ஒரு சொல் கூட இப்படித் துன்பமாக மாறக்கூடும் என்பதை ஆசிரியை ஒரே காட்சியில் நம் கண்முன் நிறுத்துகிறார். நூலின் மற்றப் பகுதிகளை விரைந்து படிப்போரும் இவ்விடத்தில் சற்று நின்று படித்தல் நன்று.

ஆயினும் எல்லா அழுதுகொண்டே இருக்கும் பெண்ணல்லள். பாதாம் பருப்பு எடுத்து வா என்றால் இரண்டே இரண்டு பருப்பைக் கொண்டு வந்து நிற்பாள்! கிண்ணத்தைப் பிடித்துக்கொள் என்றால் பிடித்துக்கொண்டே அறையைச் சுற்றி நடப்பாள். சொல்லுக்குப் பணிவாள், சொன்னவருக்குப் பணியமாட்டாள். இத்தகைய குறும்பை நம் வகுப்பறைகளிலும் நாம் கண்டதுண்டு.

இங்கே மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவை மறைக்காமல் கூறிவிடுகிறோம். பெரியோர் சொற்கேட்டு நடக்க வேண்டும் என்று நாள்தோறும் கற்பிக்கும் நீங்களே, கீழ்ப்படிதலைச் சாபமென்று கூறும் நூலைப் படிக்கச் சொல்லலாமா என்றார் அவர். நாங்கள் உடனே விடையளிக்கவில்லை. நூலைத் திறந்து, ஹாட்டி வரும் பகுதியைப் படிக்கச் செய்தோம். ஹாட்டி மாற்றாந்தாயின் மூத்த மகள். எல்லாவால் எந்தக் கட்டளையையும் மீற முடியாது என்பதை அவள் கண்டுகொள்கிறாள். முதலில் அவளுடைய கழுத்தணியைக் கேட்டு வாங்குகிறாள். பின்னர், பள்ளியில் அவளுக்கு வாய்த்த ஒரே தோழி அரெய்டாவின் நட்பை முறித்துவிடு என்கிறாள். அணியைக் கொடுத்த கை, நட்பையும் கொடுக்க வேண்டியதாயிற்று. படித்து முடித்த அம்மாணவர், "மாட்டேன் என்று சொல்ல முடியாதவள் சரி என்று சொன்னால் அதை எப்படி நம்புவது?" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு அவரே விடை கண்டார் என்று கருதி நாங்கள் மேலும் எதுவும் கூறவில்லை.

இளவரசன் சார்மன்ட் அவளை மணக்க விரும்புகிறான். அவளுக்கும் அவன்மேல் அன்பு உண்டு. எனினும் அவள் அஞ்சுகிறாள். தன் சாபத்தை அறிந்த பகைவன் எவனேனும் இளவரசனைக் கொல் என்று கட்டளையிட்டால் என்ன செய்வது? ஆகவே, எல்லா ஒரு செல்வக் கிழவனுடன் ஓடிவிட்டாள் என்று ஹாட்டி எழுதுவதுபோல் தானே பொய்க்கடிதம் எழுதி அனுப்புகிறாள். பெரோவின் கதையில் காலணி பொருந்தியவுடன் துன்பம் தீர்கிறது. இங்கோ காலணி பொருந்திய பிறகே பெருந்துன்பம் தொடங்குகிறது. சாபத்தை அறியாத இளவரசன், தன்னை மணக்குமாறு அன்போடு சொல்கிறான். அதுவும் ஒரு கட்டளையன்றோ! அவள் உள்ளத்தில் நிகழும் போராட்டத்தை நாங்கள் இங்கே எழுதப்போவதில்லை, நீங்களே படித்தறிக.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூறுவோம். 2004இல் இந்நூலின் பெயரில் திரைப்படமொன்று வந்தது. அது நூலிலிருந்து வெகுதூரம் விலகிச் செல்வது. படிப்புக் குறிப்பேட்டில் பேசும் பாம்பைப் பற்றி எழுதும் மாணவர், நூலைத் திறக்காமல் படத்தைப் பார்த்தவரென்று நாங்கள் உடனே அறிந்துகொள்வோம்.

நூலின் இறுதியில் எல்லா இளவரசனை மணக்கிறாள். ஆனால் இளவரசி என்னும் பட்டத்தை ஏற்க மறுக்கிறாள். பல மொழிகள் அறிந்தவளாதலால் அரசவை மொழிவல்லுநர் என்பதையும், மேண்டியிடம் வளர்ந்தவளாதலால் சமையற்காரியின் உதவியாள் என்பதையுமே தன் பட்டங்களாக ஏற்றுக்கொள்கிறாள். அடுப்படியிலிருந்து அரண்மனைக்குச் சென்ற பெண் மீண்டும் அடுப்படிக்கே வருகிறாள். இம்முறை அவளை ஏவியவர் எவருமில்லை.