திரைநகையில் இருவர்

முன்னுரை

திரைப்படத்தைத் தமிழாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என ஐயுறுவோர் உளர். இயலோடு இசையையும் கூத்தையும் சேர்த்து முத்தமிழ் என வகுத்த மரபு நம்முடையது. ஆடுகளத்தில் தோன்றும் மெய்ப்பாடுகளுக்கு இலக்கணம் கண்ட முன்னோரின் அளவுகோல் வெண்திரைக்கும் பொருந்துமா எனப் பார்ப்பது பயனுடைய முயற்சியே ஆகும்.

ஒருவர் தனித்து நின்று அவையைச் சிரிக்க வைப்பது அரிது. இருவர் இணைந்து பல்லாண்டுகள் அதனைச் செய்வது அதனினும் அரிது. அவ்வாறு நிலைத்த இணைகளின் வெற்றிக்கு அடிப்படை யாது? ஒருவர் பருமன், மற்றவர் மெலிவு. ஒருவர் அடிப்பார், மற்றவர் அடிபடுவார் என்பது பலரும் கூறும் விடை. அவ்விடை போதாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நகையின் களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் நகைக்குரிய களன்களாகக் கூறுகிறார். இவற்றுள் பேதைமையாவது அறிவின்மை. மடனாவது கேட்டதனை உய்த்துணராது அப்படியே மெய்யென ஏற்றுக்கொள்வது. இவ்விரண்டும் ஒன்றல்ல என உரையாசிரியர் வேறுபடுத்திக் காட்டுவர். எள்ளலையும் பேராசிரியர் இரண்டாக்குவார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தானும் நகுவது மற்றொன்று.

இங்கு ஓர் உண்மை நோக்கத்தக்கது. நான்கனுள் எள்ளல் ஒன்றே பிறரை இகழ்வதற்கு இடந்தருவது. ஏனைய மூன்றும் இகழ்ச்சியின்றியே நகை விளைவிக்க வல்லன.

இருவகை அறியாமை

சிறந்த இணையில் ஒருவர் அறிவாளி, மற்றவர் மூடர் என எண்ணுவது பிழை. இருவருமே அறியாதவர்கள், அறியாமையின் வகை மட்டுமே வேறு. ஒருவர் தமக்கு எல்லாம் தெரியும் என நம்புகிறார், இது பேதைமை. மற்றவர் சொன்ன சொல்லைச் சொன்னபடியே பற்றிக்கொள்கிறார், இது மடன். இவ்விரண்டும் மோதும் இடத்தில் நகை பிறக்கிறது.

நம் தெருக்கூத்தில் இவ்வமைப்பைத் தெளிவாகக் காணலாம். வேடம் புனைந்து வரும் வேந்தன் தன் பெருமையை முழங்குவான். கட்டியங்காரனோ ஒன்றும் அறியாதவன்போல் வினாவுக்குமேல் வினாவாக அடுக்குவான். விடை சொல்லிச் சொல்லியே வேந்தனின் மிடுக்குக் குறையும்.

மேலை நாட்டுத் திரையிலும் இதுவே நிகழ்ந்தது. இங்கிலாந்தில் 1890இல் பிறந்த ஸ்டான் லாரலும், அமெரிக்காவில் 1892இல் பிறந்த ஆலிவர் ஹார்டியும் உலகறிந்த இணையர். அவர்களின் ‘தி மியூசிக் பாக்ஸ்’ என்னும் குறும்படம் 1932இல் வெளிவந்து ஆஸ்கார் பரிசும் பெற்றது. நெடிய படிக்கட்டு ஒன்றின் உச்சியிலுள்ள வீட்டுக்கு இருவரும் ஒரு பியானோவைச் சுமக்கின்றனர். அது பலமுறை உருண்டு கீழே செல்கிறது. ஒருவாறு மேலே சேர்த்தபின், வண்டி வருவதற்கு வேறு வழி உண்டே என அஞ்சற்காரர் கூறுகிறார். உடனே இருவரும் பியானோவைப் படிகளின் வழியே கீழே இறக்கி, அந்த வழியே மீண்டும் கொண்டுவருகின்றனர்! மடனுக்கு உரையாசிரியர் தந்த விளக்கத்துக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. இதில் எவரும் எவரையும் இகழவில்லை. சுமையும் பிழையும் இருவர்க்கும் பொது.

ஒரு சொல்லில் பிறந்த நகை

தமிழ்த் திரையில் கவுண்டமணி, செந்தில் இணையின் இரு காட்சிகளைக் காண்போம். 1984இல் வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி, சைக்கிள் கடை நடத்தும் அழகுராஜா. ‘ஆல் இன் ஆல்’ என்னும் அடைமொழியே அவர்தம் பேதைமைக்குச் சான்று. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் எவ்வாறு ஒளி தருகிறது எனச் செந்தில் கேட்கிறார். ஐயம் தீர அதனைத் தொட்டும் பார்க்கிறார்; மேண்டில் நொறுங்கிவிடுகிறது. வினா எழுப்பியவர் உண்மையிலேயே அறிய விரும்பினார் என்பதே அங்கு நகைக்குக் காரணம்.

1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சி இலக்கண மாணவர்க்கு விருந்து. ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கச் சென்ற செந்தில், ஒன்றை உண்டுவிட்டு ஒன்றைக் கொண்டுவருகிறார். இன்னொன்று எங்கே என்னும் வினாவுக்கு, அந்த இன்னொன்றுதான் இது என்பது அவர் விடை. ‘இன்னொன்று’ என்னும் சொல்லுக்கு நிலையான சுட்டுப்பொருள் இல்லை. உண்ட பழத்தை முதலாவதாக எண்ணினால் கையிலிருப்பதே இன்னொன்று. விடை இலக்கணப்படி வழுவற்றது, வழக்கின்படி மோசடியானது. கேட்பவர் எத்தனை முறை வினவினாலும் அச்சொல்லை மாற்றாமல் வினவுவதால் விடையும் மாறுவதில்லை. சினம் ஏற ஏற நகையும் ஏறுகிறது. இங்குச் செந்திலின் அமைதியான முகம் இல்லையேல் கவுண்டமணியின் சினத்துக்குப் பொருளில்லை. அச்சினம் இல்லையேல் அவ்வமைதிக்கும் சுவையில்லை.

ஒப்புமை என்னும் அடித்தளம்

இருவர்க்கும் சமமான இடம் என்பதை முன்னரே நிறுவியவர்கள் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் ஆவர். 1936இல் வெளிவந்த ‘வசந்தசேனா’ படத்தில் தொடங்கிய இவ்விணை வாழ்க்கைத் துணையாகவும் மலர்ந்தது. நாகர்கோவிலில் 1908இல் பிறந்த கலைவாணர் வில்லுப்பாட்டில் தேர்ந்தவர். பாடுபவரின் சொல்லை உடனிருப்போர் வாங்கி, ‘ஆமாம்’ எனத் தழுவிச் சொல்லும் கலை அது. கேட்பவரும் கலைஞரே என்னும் அம்மரபை அவர் நகைச்சுவைக் காட்சிகளிலும் காணலாம். மதுரம் அடிபடுவதற்காக நிறுத்தப்பட்டவர் அல்லர். எதிர்வினாத் தொடுத்துக் கணவரை மடக்கும் மதியூகி. பெண் பேச, ஆண் தோற்று நகைக்கும் காட்சிகளை அக்காலத்திலேயே அவர்கள் அமைத்தனர். பேராசிரியர் கூறிய எள்ளலின் இரண்டாம் வகை அங்கே முழுமை பெறுகிறது.

எள்ளல் மட்டும் எஞ்சினால்

திரை நகைச்சுவை முழுவதும் இத்தகுதி உடையதன்று. நிறத்தையும் உருவத்தையும் வழுக்கையையும் இழித்துரைத்தும், காலால் உதைத்தும் சிரிப்பு மூட்டிய காட்சிகள் பல. முற்கூறிய இணையரின் படங்களிலும் அவை உள்ளன. அங்கெல்லாம் பேதைமையும் மடனும் மறைந்து எள்ளல் மட்டுமே எஞ்சுகிறது. அதிலும் பாதியே எஞ்சுகிறது. விளையாட்டாகக்கூட ஒருவரை இகழ்தல் துன்பம் தரும் எனப் பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார்.

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. இளைஞர்கள் திரையிலிருந்து எளிதில் எடுத்துக்கொள்வது வசைச்சொல்லைத்தான். அதற்கு எதிரில் நின்ற மறுமொழியை அன்று. விடுதியிலும் வகுப்பறையிலும் பட்டப்பெயர்களாக அவை உலவுகின்றன. திரையில் எள்ளப்படுபவருக்கு மறுமொழி எழுதித் தரப்படுகிறது, ஊதியம் உண்டு, கைதட்டலும் உண்டு. வகுப்பறையில் எள்ளப்படும் மாணவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மற்றவரோடு சேர்ந்து அவனும் சிரிப்பதாகத் தோன்றலாம். அச்சிரிப்பு நகையன்று, தற்காப்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சிறந்த இணைக்கு மூன்று இயல்புகள் இன்றியமையாதன எனத் தெளியலாம். இருவர்க்கும் தத்தம் அறியாமை உண்டு; ஒருவர் சொல்லை மற்றவர் கூர்ந்து கேட்பர்; எத்தனை பூசல் நேரினும் ஒருவரை ஒருவர் கைவிடார். ஹார்டி 1957இல் மறைந்தபின், 1965இல் தாம் மறையும்வரை லாரல் மீண்டும் நடிக்க இசையவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

கல்லூரி விழாக்களில் நகைச்சுவை நாடகம் எழுதும் மாணவர்கள் ஓர் எளிய சோதனையைக் கைக்கொள்ளலாம். எழுதி முடித்தபின், அடிபடும் பாத்திரத்தை ஏற்பவரிடம் அதனைப் படிக்கக் கொடுங்கள். அவர் படித்துத் தாமே சிரித்தால் மேடையேற்றுங்கள். சிரிக்கவில்லையெனில், அவருக்குரிய மறுமொழியை நீங்கள் இன்னும் எழுதவில்லை.