'சிறந்த சமுதாயம்' யார்?

பட்டு நெசவும் அரிசி வியாபாரமும் நிறைந்த ஆரணியில் வாழும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: "ஹலரத்! அமெரிக்கர்கள் தங்கள் நாடு மற்ற நாடுகளைப் போன்றதல்ல என்கிறார்கள். வெள்ளைக்காரனும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னான். பனூ இஸ்ராயீல்கள் தாங்களே தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டம் என்றார்கள். இவையெல்லாம் ஆணவம் என்று மிம்பரில் கண்டிக்கிறோம். அதே மிம்பரில் நின்று, 'நாமே சிறந்த உம்மத்து' என்றும் சொல்லிக் கொள்கிறோமே! இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அருகிலிருந்த சிலர் அவரை முறைத்தார்கள். இது முறைக்க வேண்டிய கேள்வியல்ல. விடை கூறியே ஆக வேண்டிய கேள்வி.

தன்னைத் தனி என்று எண்ணாத கூட்டம் உலகில் அரிது. ஆரணி மண்ணையே எடுத்துக் கொள்வோம். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படை, மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு, சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிபையும் பிரெஞ்சுக்காரரையும் இங்கே எதிர்த்தது. 1782 ஜூனில் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் இதே ஆரணியில் பொருதினர். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மராட்டியர், நவாபின் குடும்பத்தார், மைசூரார் என்று இத்தனை பேருடைய கொடிகளையும் கண்ட மண் இது. இன்று அவற்றுள் ஒன்றும் இங்கே பறக்கவில்லை. வென்ற ஆங்கிலேயனுக்கோ வெற்றியே சான்றாகி விட்டது. தம் இனமே உலகில் தலைசிறந்த இனம் என்றும், அது எவ்வளவு நிலத்தில் பரவுகிறதோ அவ்வளவுக்கு மனித குலத்துக்கு நன்மை என்றும் 1877-ல் ஸெஸில் ரோட்ஸ் என்பவர் எழுதி வைத்தார். அமெரிக்காக் கண்டம் முழுவதும் பரவுவது இறைவன் தங்களுக்கென்று எழுதிய விதி என்று 1845-ல் அந்நாட்டுப் பத்திரிகையாசிரியர் ஒருவர் எழுதினார். மறு ஆண்டே மெக்ஸிகோவுடன் போர் மூண்டது. 2009-ல் ஜனாதிபதி ஒபாமாவிடம் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, தம் நாட்டின் தனிச்சிறப்பில் தமக்கு நம்பிக்கை உண்டென்றும், ஆங்கிலேயருக்கும் கிரேக்கருக்கும் அவரவர் நாட்டைப் பற்றி அதே நம்பிக்கை இருக்குமென்றும் கூறினார். ஓரளவு நேர்மையான பதில்தான். ஆனால் எல்லோருமே தனி என்றால், அந்தச் சொல்லில் மிஞ்சுவது என்ன?

அரபு நாட்டிலும் இத்தகைய கூட்டம் ஒன்று இருந்தது. அதை விரிவாகக் காண வேண்டும். ஏனெனில், நம் தீன் இந்த நோயை எப்படி அணுகியது என்பதை அங்கேதான் கண்ணாரக் காணலாம்.

அறியாமைக் காலத்தில் குறைஷியர் தங்களுக்கு 'ஹும்ஸு' என்று ஒரு பெயர் சூட்டிக் கொண்டார்கள். மார்க்கத்தில் மிகுந்த உறுதியுடையோர் என்பது அதன் கருத்து. "நாங்கள் ஹரமின் மக்கள். கஅபாவின் ஊழியர்கள். எங்களுக்கு நிகர் எவருமில்லை" என்பது அவர்களின் வாதம். வாதத்தோடு நின்றிருந்தால் குற்றமில்லை. அதிலிருந்து சட்டங்களைப் பிறப்பித்தார்கள். ஹஜ்ஜுக்கு வரும் ஏனைய அரபிகளெல்லாம் அரஃபாத் பெருவெளிக்குச் சென்று தங்க வேண்டும். அரஃபாத்தோ ஹரமின் எல்லைக்கு வெளியே உள்ளது. ஹரமின் மக்களாகிய நாங்கள் எல்லையைத் தாண்டி ஏன் போக வேண்டும் என்று கூறி, குறைஷியர் முஸ்தலிஃபாவிலேயே தங்கி விடுவார்கள்.

இதைவிடக் கொடியது உடைச் சட்டம். வெளியூரார் தாம் உடுத்தி வந்த துணியோடு கஅபாவைத் தவாஃப் செய்யலாகாது. ஹும்ஸுகளில் ஒருவரிடம் துணி வாங்கி உடுத்த வேண்டும். கிடைக்காதவர் நிர்வாணமாகச் சுற்ற வேண்டும். துணி நெய்து பிழைக்கும் ஊரில் வாழும் நாம் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். உடுத்தி வந்த துணியில் குற்றமில்லை, நெய்தவன் கையிலும் குற்றமில்லை. குறைஷியர் தொட்டுக் கொடுக்கவில்லை என்பது ஒன்றே குற்றம்! தனிச்சிறப்பு என்ற எண்ணம் முற்றினால், அயலான் மேனியிலுள்ள உடையைக்கூட விட்டு வைக்காது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்தது இந்தக் குறைஷியர் குலத்தில்தான். அந்தச் சலுகை அன்னாருக்கும் உரியதே. ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) அவர்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். அரஃபா நாளில் காணாமற்போன தம் ஒட்டகத்தைத் தேடிச் சென்ற அவர்கள், அரஃபாத்தில் பெருமானார் (ஸல்) நின்று கொண்டிருப்பதைக் கண்டு, இவர் ஹும்ஸுக் கூட்டத்தவராயிற்றே, இவருக்கு இங்கென்ன வேலை என்று திகைத்தார்களாம். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இது ஹிஜ்ரத்துக்கு முந்திய செய்தி என்பர் அறிஞர்கள். அதாவது, அதிகாரம் கைக்கு வந்த பிறகு காட்டிய பெருந்தன்மையல்ல. தம் குலத்தார் அனைவரும் ஒரு பக்கம் நிற்க, அன்னார் மட்டும் பாமர மக்களோடு நின்றார்கள்.

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில், இறுதி ஹஜ்ஜின்போது, இம்முறையேனும் பெருமானார் முஸ்தலிஃபாவில் நின்று விடுவார்கள் என்பதில் குறைஷியருக்குச் சந்தேகமே இருக்கவில்லை என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாயகமோ அவ்விடத்தைக் கடந்து நேரே அரஃபாத்துக்குச் சென்றார்கள். மக்களனைவரும் எங்கிருந்து திரும்புகிறார்களோ அங்கிருந்தே நீங்களும் திரும்புங்கள் என்று சூரா பகராவின் 199-ஆம் ஆயத்தில் அல்லாஹ் இட்ட கட்டளை இதைப் பற்றியதே என ஆயிஷா (ரலி) அன்னையார் விளக்குகிறார்கள். நிர்வாணத் தவாஃபும் அதற்கு முந்திய ஆண்டே, அபூபக்ர் (ரலி) அவர்களின் தலைமையில் நடந்த ஹஜ்ஜில், தடை செய்யப்பட்டு விட்டது. கஅபாவின் பக்கத்து வீட்டுக்காரனுக்கே சலுகை இல்லையென்றால், வேறு எவருக்கு இருக்கும்?

இனி, பனூ இஸ்ராயீல்களைப் பற்றி. அவர்களை அகிலத்தாரைவிட மேன்மைப்படுத்தியதாக அல்லாஹ்வே பகரா 47-ல் கூறுகிறான். அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே சூராவின் 124-ஆம் ஆயத்தில் இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் சந்ததிக்கும் தலைமை வேண்டும் என்று கேட்டபோது, தன் வாக்குறுதி அநீதியாளரைச் சேராது என்று அல்லாஹ் விடையளிக்கிறான். கேட்டவர் கலீலுல்லாஹ்! அவருடைய இரத்த வழிக்கே நிபந்தனையில்லாத பட்டயம் கிடைக்கவில்லை. தாங்கள் இறைவனின் நேசர்கள் என்று சொல்லிக் கொண்டோருக்கு மாயிதா 18-ல், அவன் படைத்த மனிதர்களுள் நீங்களும் மனிதர்களே என்ற பதில் கிடைக்கிறது. இதைப் படித்து யாரையோ இடித்துரைப்பதாக நாம் மகிழ்ந்துவிடக் கூடாது. நிஸா 123-ஆம் ஆயத்தில், காரியம் உங்கள் ஆசைப்படியும் இல்லை, வேதக்காரர்களின் ஆசைப்படியும் இல்லை என்று கூறும்போது 'உங்கள்' என்பதே முந்தி நிற்கிறது. தீமை செய்தவன் எவனாயினும் அதற்குரிய கூலியைப் பெறுவான் என்றே அந்த ஆயத்து தொடர்கிறது.

இப்போது சகோதரர் சுட்டிய ஆயத்துக்கு வருவோம். ஆல இம்ரான் 110. நாம் பெரும்பாலும் அதன் முதற்பாதியை மட்டும் ஓதி நிறுத்தி விடுகிறோம். அந்தச் சமுதாயம் 'லின்னாஸ்', அதாவது மனிதர்களுக்காக வெளியாக்கப்பட்டது என்கிறது திருமறை. தமக்காகவே வெளியாக்கப்பட்டோர் என்று கூறவில்லை. நன்மையை ஏவுவதும், தீமையைத் தடுப்பதும், அல்லாஹ்வை நம்புவதும் அடுத்தே வருகின்றன. மற்றச் சமூகத்தார், "நாங்கள் உயர்ந்தோர், ஆகவே எங்களுக்கு இது ஆகும், உங்களுக்கு ஆகாது" என்கிறார்கள். இங்கோ வேலை குறிக்கப்பட்டு, அந்த வேலையைச் செய்வோருக்கு அந்தப் பெயர் தரப்படுகிறது. வேலையை விட்டவனிடம் பெயர் மட்டும் எப்படி நிற்கும்? உமர் (ரலி) அவர்கள் ஹஜ்ஜில் மக்களிடம் தகாத போக்கு ஒன்றைக் கண்டு, இந்த ஆயத்தை ஓதி, இந்தச் சமுதாயத்தில் சேர விரும்புகிறவர் அல்லாஹ் விதித்த நிபந்தனையை நிறைவேற்றட்டும் என்று கூறியதாகத் தஃப்ஸீர் நூல்களில் காணலாம். இதை அவர்கள் கூறியது காஃபிர்களை நோக்கியல்ல, ஹாஜிகளை நோக்கியே!

அதற்கு மூன்று ஆயத்துகள் தள்ளி, வேதக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்று கூறி, அவர்களுள் இரவில் நின்று வணங்கும் நல்லோரைப் புகழ்கிறது திருமறை. அயல் சமூகத்தை மொத்தமாக ஒரே மூட்டையாகக் கட்டி எறியும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

நீங்கள் புறக்கணித்தால் உங்களுக்குப் பதிலாக வேறு கூட்டத்தைக் கொண்டு வருவான் என்று சூரா முஹம்மதின் இறுதி ஆயத்து எச்சரிக்கிறது. அவர்கள் யார் என்று ஸஹாபாக்கள் வினவியபோது, பெருமானார் (ஸல்) அருகிலிருந்த ஸல்மான் (ரலி) அவர்களைத் தட்டி, இவரும் இவருடைய கூட்டத்தாரும் என்றார்கள் எனத் திர்மிதியில் வருகிறது. ஸல்மான் பாரசீகர். ஹனஃபிகள் பின்பற்றும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) பாரசீக வழியினர். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஊர் புகாரா.

ஆக, வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது நூலில் இருக்கிறது. நம் வீட்டில் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

மாப்பிள்ளை தறிக்காரர் என்று தெரிந்ததும் பேச்சை முறித்துக் கொண்ட சம்பந்தங்களை நாம் அறிவோம். உர்தூ பேசும் வீட்டார் தமிழ் பேசும் வீட்டாரிடம் பெண் எடுக்கத் தயங்குகிறார்கள். மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்று நாமே பிரித்துக் கொண்டு, ஒருவர் வாசலில் மற்றவர் செருப்பைக் கழற்ற யோசிக்கிறோம். ஸையிது வம்சம் என்ற பேச்சு வேறு. குழித்தறியில் காலை இறக்கி, கர்நாடகப் பட்டு நூலையும் சூரத்து ஜரிகையையும் பாவும் ஊடையுமாகச் சேர்த்து, கண் பூத்துப்போக அவர் நெய்யும் புடவையை நம் பெண்கள் நிக்காஹ் மேடையில் உடுத்துவார்கள். அவர் மகனுக்கு மட்டும் பெண் கிடையாதாம். (ஆண்களுக்குப் பட்டு உடுத்த ஆகாது, அதை நெய்வதற்கு ஆகுமா என்று கேட்போருக்கு: நெய்யவும் விற்கவும் தடையில்லை.)

"ஃபிக்ஹு நூலிலேயே நெசவாளி தாழ்ந்த தொழிலாளி என்று வருகிறதே" என்று சிலர் ஆதாரம் காட்டுவார்கள். வருகிறது; மறுக்கவில்லை. ஹிதாயாவில் 'கஃபாஅத்' என்னும் மணப்பொருத்தப் பாடத்தில், இரத்தம் குத்தி எடுப்பவர், நெசவாளி, தோல் பதனிடுபவர் ஆகியோர் உதாரணமாகக் கூறப்படுகிறார்கள். ஆனால் பாடத்தை முழுவதும் ஓத வேண்டும். ஊராரின் வழக்கத்தில் பெண் வீட்டாருக்கு இழிவு நேருமா என்பதே அங்கே அளவுகோல். தொழில் தன்னளவில் இழிந்தது என்பதல்ல. எனவேதான் ஹிதாயாவுக்கு விரிவுரை எழுதிய இப்னுல் ஹுமாம் (ரஹ்; மறைவு ஹிஜ்ரி 861) அவர்கள், அலெக்ஸாண்டிரியா நகரில் நெசவு மதிப்புக்குரிய தொழிலாகையால், அங்கே நெசவாளி அத்தர் வியாபாரிக்குச் சமமே என்று எழுதினார்கள். அலெக்ஸாண்டிரியாவுக்குப் பொருந்தியது ஆரணிக்குப் பொருந்தாதா? இங்கே ஊரின் பெயரே பட்டால் அல்லவா விளங்குகிறது!

மேலும், இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பொருத்தம் என்பது தீனில் மட்டுமே. அபூஹிந்து (ரலி) இரத்தம் குத்தி எடுக்கும் தொழிலாளர். அவருக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்று பனூ பயாளா கூட்டத்தாருக்கு நாயகம் (ஸல்) கட்டளையிட்டதாக அபூதாவூதில் உள்ளது. குறைஷிக் குலப் பெண்மணி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா (ரலி) அவர்களையே தேர்ந்து கூறினார்கள். அந்த அம்மையார் முதலில் விரும்பவில்லை. பிறகு மணந்து, மற்றவர் கண்டு ஏங்கும் வாழ்வு பெற்றதாகத் தாமே கூறுகிறார்கள்.

ஹனஃபி மத்ஹபின்படி, கஃபாஅத் என்பது பெண்ணுக்கும் அவளுடைய வலீக்கும் உள்ள உரிமை. அவர்கள் மீது கடமையன்று. பெண்ணும் வலீயும் மனமொப்பினால், மணமகன் எந்தத் தொழில் செய்தாலும், எந்த மொழி பேசினாலும் நிக்காஹ் முழுமையாகச் செல்லும். அதில் மக்ரூஹும் இல்லை. இடையில் நின்று தடுக்க, உறவினருக்கோ ஜமாஅத்தாருக்கோ ஷரீஅத்தில் உரிமை கிடையாது.