படகு மெத்தை தைக்கலாம், வாங்க!
(தையல் குழுக்களுக்கான தொழில் பாடம்)



ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை தைப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். அதே கையால் செய்யக்கூடிய இன்னொரு வேலை, பழைய படகுகளின் உள் மெத்தையை மாற்றுவது. பாய்மரப் படகானாலும் சுற்றுலாப் படகானாலும், சில வருஷத்தில் உள்ளே இருக்கும் மெத்தை அமுங்கி, கிழிந்து, பூஞ்சை வாடை அடிக்கும். எல்லாத்தையும் புதுசா வாங்கினால் படகுக்காரருக்குக் கையைக் கடிக்கும். குறைந்த செலவில் நாம் செய்து கொடுத்தால் அவருக்கும் லாபம், நமக்கும் வருமானம்.

1. எது கெட்டிருக்கு?

உறையைக் கழற்றி ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உடனே எழும்பினால் ஃபோம் நல்லது. உறை மட்டும் மாற்றினால் போதும். குழி அப்படியே நின்றால் ஃபோமின் ஆயுசு முடிந்தது. பெரும்பாலும் உட்காரும் மெத்தைதான் அமுங்கும், முதுகு சாயும் மெத்தை நன்றாகவே இருக்கும். அப்போது உட்காரும் பகுதிக்கு மட்டும் புது ஃபோம் வாங்கலாம். உள்ளே வரை பூஞ்சை ஏறியதை வெயிலில் காயவைத்தாலும் வாடை முழுசாகப் போகாது. அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

2. ஃபோமை எடை போட்டு வாங்குங்கள்

ஃபோமின் தரம் அதன் அடர்த்தியில் இருக்கிறது. 32 அடர்த்தி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை இருக்கும். உட்கார 32, படுக்க 40 வாங்குவது நல்லது. கடைக்காரர் சொல்றதை அப்படியே நம்பாதீங்க, தராசில் வையுங்கள். 6 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குல கனமுள்ள துண்டு, 32 அடர்த்தியில் சுமார் 3 கிலோ 600 கிராம் இருக்கணும். 40 அடர்த்தியில் நாலரை கிலோ. இரண்டு கிலோதான் நிற்கிறது என்றால் அது 18 அடர்த்தி. சீக்கிரமே அமுங்கிவிடும், கெட்ட பேர் நமக்குத்தான்.

3. அளவு எடுப்பது

வீட்டு சோபா மாதிரி படகு மெத்தை நேர்சதுரம் இல்லை. படகின் முனைப் பக்கம் குறுகும். பக்கச் சுவர் சாய்ந்திருப்பதால் மேல்பக்கம் அகலமாகவும் அடிப்பக்கம் குறைவாகவும் இருக்கும். பழைய ஃபோம் சுருங்கியிருக்கும், அதை வைத்து வெட்டாதீர்கள். பலகை மேலேயே செய்தித்தாளை விரித்து அச்சு எடுங்கள். மேல், கீழ் இரண்டுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். 'மேல்', 'முன்', 'இடது' என்று அதிலேயே எழுதிவிடுங்கள். உறையை விட ஃபோமை அரை அங்குலம் பெரிதாக வெட்டினால்தான் மெத்தை விறைப்பாக, சுருக்கமில்லாமல் நிற்கும்.

4. துணி, நூல், ஜிப்

படகில் நமக்கு எதிரி ஈரம். பருத்தி நூல் இற்றுப்போகும். பாலியஸ்டர் நூல் போடுங்கள். இரும்பு ஜிப் துருப்பிடிக்கும்; பிளாஸ்டிக் ஜிப் போதும். அது பின்பக்கம் முழுக்க ஓடி, இரண்டு மூலையும் கொஞ்சம் திரும்பினால் ஃபோமை நுழைக்க லேசு. மேலே ரெக்ஸின் வைத்தாலும் அடியில் காற்று போகும் வலைத்துணி வையுங்கள். இரண்டு பக்கமும் ரெக்ஸின் என்றால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. படகு நிற்கும் நாட்களில் மெத்தையைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கும்படி உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

5. இரண்டு எச்சரிக்கை

ஃபோம் தீப்பிடித்தால் வேகமாக எரியும், அதன் புகை நஞ்சு. தைக்கும் இடத்திலும் படகின் அடுப்புப் பக்கத்திலும் நெருப்பு அண்டக் கூடாது. அடுத்து, இந்த ஃபோம் தண்ணீரை உறிஞ்சும். "விழுந்தா இதைப் பிடிச்சு மிதக்கலாம்" என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிர் காக்கும் உடை வேறு, மெத்தை வேறு.

6. விலை சொல்லும் முன் கணக்கு

இங்கேதான் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன. ஒரு உதாரணம் பார்ப்போம். பொருள் செலவு ரூ.6,000. பஸ், டீ ரூ.400. இரண்டு பேர் மூன்று நாள் வேலை, ஆறு ஆள் கூலி, ஆளுக்கு ரூ.500 வீதம் ரூ.3,000. ஆக ரூ.9,400. மெஷின் தேய்மானம், கரண்ட், குழு லாபத்துக்கு பத்து சதவீதம் ரூ.940. மொத்தம் ரூ.10,340.

"எட்டாயிரத்துக்கு முடிச்சுக் கொடுங்கம்மா" என்று கேட்பார். ஒத்துக்கொண்டால் பொருளும் பஸ் செலவும் போக மிச்சம் ரூ.1,600. ஆறு ஆளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ரூ.270 கூட வராது. குழுவில் கடன் வாங்கிப் பொருள் எடுத்திருந்தால் வட்டியும் அதில்தான் போகணும். விலையைக் குறைக்கச் சொன்னால் வேலையைக் குறையுங்கள்: "முதுகு மெத்தைக்குப் பழைய ஃபோமே போடுறோம், உறை மட்டும் புதுசு" என்று சொல்லலாம். நம் கூலியை மட்டும் குறைக்க வேண்டாம். பொருளுக்கான பணத்தை முன்பணமாக வாங்கி, அளவுத் தாளில் அவரிடம் கையெழுத்தும் வாங்குங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் ஊர்ப் பக்கம் படகு, வேன், ஆட்டோ, சோபா என்று மெத்தை வேலை யாரிடம் கிடைக்கும்?
• கடைசியாக எடுத்த ஆர்டரில் நம் கூலியைக் கணக்கில் சேர்த்தோமா?
• கனத் துணி தைக்கும் மெஷின் யாரிடம் இருக்கு? இல்லையென்றால் வாடகைக்குக் கிடைக்குமா?

முதலில் ஒரே ஒரு சின்ன மெத்தை தைத்துப் பாருங்கள். கை பழகிய பிறகு பெரிய ஆர்டர் எடுக்கலாம்.