எந்தப் பலகை கவிழாது?

செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து நிற்கும்போது அதன் ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இந்த நன்னீரில் ஒரு பலகைமீது நின்று துடுப்பு வலித்துச் செல்ல முடியுமா? சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியாதலால் அதில் இறங்குவது முறையன்று; ஆபத்தும்கூட. ஆனால் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கத் தடையில்லை.

இத்தகைய நீண்ட பலகைகளைச் சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரையில் காணலாம். நம் மீனவர்களுக்கு இது புதிதன்று. மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில் அவர்கள் நின்றும் முழந்தாளிட்டும் துடுப்பு வலித்தனர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேட்டமரன்’ என்ற சொல் கட்டுமரத்திலிருந்து பிறந்ததே.

பலகை வாங்குவோர் முதலில் பார்ப்பது, அது தாங்கும் எடை. அது மட்டும் போதுமா?

மிதக்குமா?

மாணவர் 60 கிலோகிராம், பலகை 10 கிலோகிராம் எனக் கொள்வோம். மொத்தம் 70. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, மிதப்பதற்கு 70 கிலோகிராம் நீரை விலக்க வேண்டும். ஏரி நீரில் அது 70 லிட்டர். கடல்நீரின் அடர்த்தி சற்று மிகுதி, லிட்டருக்கு 1.025 கிலோகிராம். எனவே அங்கே சுமார் 68 லிட்டர் போதும்.

பலகையின் பருமன் சரியாக 70 லிட்டரே இருந்தால் அதன் மேற்பரப்பு நீர்மட்டத்தில் நிற்கும். சிற்றலை வந்தாலும் கால் நனையும். ஆகவே தேவையைப்போல் இரு மடங்குக்குக் குறையாத பருமன் நல்லது.

கவிழாதா?

மிதக்கும் பலகை வேறு. கவிழாத பலகை வேறு. பலகை ஒரு பக்கம் சாயும்போது, விலக்கப்பட்ட நீரின் மையம் அப்பக்கமாக நகர்கிறது. அங்கிருந்து மேல்நோக்கி எழும் மிதப்பு விசையின் கோடு, பலகையின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். இதற்கு மெட்டாசென்டர் என்று பெயர். ஈர்ப்பு மையம் இப்புள்ளிக்குக் கீழே இருந்தால் பலகை நிமிரும். மேலே இருந்தால் கவிழும்.

மெட்டாசென்டரின் உயரம் = (நீளம் × அகலம்³) ÷ (12 × விலக்கிய நீரின் பருமன்)

இது செவ்வகப் பலகைக்கான வாய்பாடு. உயரம், விலக்கப்பட்ட நீரின் மையத்திலிருந்து அளக்கப்படுகிறது. நீரில் படியும் நீளம் 2.5 மீட்டர், அகலம் 0.8 மீட்டர், பருமன் 0.07 கனமீட்டர் எனில் விடை சுமார் 1.5 மீட்டர். நிற்பவரும் பலகையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் நீர்மட்டத்திலிருந்து சுமார் 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆகவே பலகை நிமிரும். அகலத்தை 0.6 மீட்டராகக் குறைத்தால் விடை 0.64 மீட்டர்தான்! அப்பலகையும் மிதக்கும், ஆனால் நிற்பவர் ஒவ்வொரு கணமும் உடலை அசைத்துச் சமன்செய்ய வேண்டும். முழந்தாளிட்டு அமர்ந்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, அதே பலகை நிலைபெறும்.

அகலம் மூன்றாம் படியில் வருவதைக் கவனியுங்கள். 20 சென்டிமீட்டர் வேறுபாடு, உயரத்தை 2.37 மடங்காக மாற்றிவிட்டது. எனினும் அளவுக்கு மீறிய அகலமும் வேண்டாம். துடுப்பு எட்டாது, வேகமும் குறையும். குறுகிய, நீண்ட பலகை விரைந்தும் நேராகவும் செல்லும், அது பழகியவர்களுக்கு. காற்றடைத்த பலகை தளர்ந்திருந்தால் நடுவில் வளையும். அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

25 செ.மீ. நீளம், 2 செ.மீ. தடிமனுள்ள இரண்டு தெர்மாகோல் துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றின் அகலம் 8 செ.மீ., மற்றதன் அகலம் 6 செ.மீ. நடுவில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, 10 செ.மீ. உயரத்தில் 60 கிராம் களிமண் உருண்டையைப் பொருத்துங்கள். தொட்டி நீரில் அகலமான துண்டு நிற்கும், குறுகியது கவிழும். உருண்டையை 3 செ.மீ. உயரத்திற்கு இறக்குங்கள். என்ன நிகழ்கிறது?

எந்தப் பலகையாயினும் உயிர்க்காப்பு அங்கி, பயிற்சியாளர், பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு ஆகிய மூன்றும் இன்றிக் கடலில் இறங்கலாகாது. கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று, நிற்பவரின் உடலையே பாயாக்கி அவரை வெகுதூரம் தள்ளிவிடும். அதனைத் தடுக்க எந்த அகலமும் உதவாது.