மனநிறைவே மெய்யான செல்வம்

மனிதன் வாழ்வதற்குப் பொருள் தேவை. உணவு, உடை, உறைவிடம், பிள்ளைகளின் கல்வி, நோய்க்கும் முதுமைக்குமான சேமிப்பு ஆகிய எதுவும் பொருளின்றி அமையாது. ஆகவே பொருள் ஈட்டுவது குற்றமன்று. எவ்வளவு ஈட்டினால் போதும் என்று தீர்மானிக்காமல் ஈட்டிக்கொண்டே இருப்பதுதான் துன்பத்திற்கு வித்தாகிறது.

மகாராஷ்டிர மாநிலம் புனே நகருக்கு அருகில், முத்தா நதியின் மீது கடக்வாஸ்லா அணை அமைந்துள்ளது. டெம்கர், வரஸ்காவ், பான்ஷேத், கடக்வாஸ்லா என்னும் நான்கு அணைகளுள் இதுவே சிறியது. பான்ஷேத் 10 டி.எம்.சி.க்கும் அதிகமான நீரைத் தேக்குகிறது. கடக்வாஸ்லா ஏறத்தாழ 2 டி.எம்.சி. மட்டுமே கொள்ளும். எனினும் மேலுள்ள அணைகளின் நீர் இதன் வழியாகவே புனே மக்களுக்குக் குடிநீராகவும், தௌண்ட், இந்தாப்பூர் பகுதிகளின் வயல்களுக்குப் பாசன நீராகவும் சென்று சேருகிறது. நீர்மட்டம் நிறைந்தால் மதகுகள் திறக்கப்படுகின்றன. தன் அளவை அறிந்து, பெற்றதை வழங்குவதே இதன் சிறப்பு.

இவ்வணை ஒரு பேரிடரையும் கண்டது. 1961-ஆம் ஆண்டு, பான்ஷேத் அணையின் பணிகள் முழுமையடையுமுன்பே அதில் நீர் தேக்கப்பட்டது. ஜூலை 12-ஆம் நாள் அந்த மண் அணை உடைந்தது. 1879 முதல் நின்றிருந்த கடக்வாஸ்லா அணையும் அந்த வெள்ளத்தைத் தாங்க இயலாமல் உடைந்தது. புனேயின் ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின, பலர் உயிரிழந்தனர். கடக்வாஸ்லா அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

இதில் இல்லறத்தாருக்கு ஒரு பாடம் உண்டு. மேலே உடைந்ததன் துன்பத்தைக் கீழே இருந்தவர்களே அனுபவித்தனர். அவ்வாறே, ஒருவர் தம் ஆற்றலுக்கு மீறிக் கடனும் பணிச்சுமையும் ஏற்று நிலைகுலையும்போது, அதனை அனுபவிப்பவர்கள் வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் வயதான பெற்றோருமே ஆவர். அவர்களுக்காகவே உழைக்கிறேன் என்று அவர் கூறுகிறார். அவர்களோ அவருடைய வருகைக்காகக் காத்திருக்கின்றனர்.

அன்பர்களே! பணத்தைத் தேக்கி வைக்கலாம். காலத்தைத் தேக்கி வைக்க இயலாது. ஐந்து வயதுக் குழந்தை கதை கேட்க விரும்பும் மாலைப்பொழுதைச் சேமித்து வைத்து, அது இருபது வயதை அடைந்தபின் வழங்க முடியுமா? தந்தையின் முதுமையில் அவரருகே அமராத நாட்களை எந்த வங்கி திருப்பித் தரும்?

புனேவிற்கு அருகிலுள்ள தேஹு கிராமத்தில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராம் மகராஜ், தம் குடும்பத்திற்கு வரவேண்டிய கடன் பத்திரங்களை இந்திராயணி நதியில் விட முற்பட்டார் என்பது வழிவழி வரும் வரலாறு. அப்போது தம்பியின் பங்கைப் பிரித்து அவரிடமே அளித்துவிட்டு, தம் பங்கை மட்டுமே நதியில் விட்டாராம். மனநிறைவு என்பது ஒருவர் தாமே தேர்ந்துகொள்வது. பிறர்மீது திணிப்பது அன்று. வறுமையில் வாடுபவருக்குத் திருப்தியைப் போதிப்பதும் தகாது. அவருக்கு உதவுவதே தகும்.

ஆகவே, கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து தங்கள் இல்லத்தின் 'நிறை நீர்மட்டம்' எதுவெனத் தீர்மானிக்கட்டும். எவை தேவைகள், எவை அண்டை வீட்டாரைக் கண்டு எழுந்த ஆசைகள் என்று எழுதிப் பார்க்கட்டும். கூடுதல் வருமானத்திற்கான வாய்ப்பு வரும்போது, அது எந்தத் தேவையை நிறைவேற்றும், இல்லத்திலிருந்து எத்தனை மாலைப்பொழுதுகளை எடுத்துக்கொள்ளும் என்ற இரண்டையும் எண்ணிப் பார்க்கட்டும். நாளில் ஒரு வேளையேனும் தொலைபேசியை ஒதுக்கி வைத்து, அனைவரும் சேர்ந்து உண்ணட்டும். தேவைக்கு மேல் நிறைந்தது சேவையாக வழிந்தோடட்டும்.

அளவறிந்து ஈட்டி, அன்புடன் பகிர்ந்து, உடனிருந்து வாழ்வோமாக!