ஓநாய்களும் ஒரு தீர்ப்பும்

கேள்வி: பேட்ரிசியா பிரிக்ஸின் மெர்சி தாம்ப்ஸன் வரிசையில் ஆறு நாவல்களை முடித்துவிட்டு, ஏழாவதான 'ஃப்ராஸ்ட் பர்ன்ட்' எடுத்தேன். ஃபேக்கள் என்ற மாயவாசிகள் எல்லாரும் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட ரிசர்வேஷனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க அரசோடு உறவே முறிந்துவிட்டதாம். நடுவில் யாரோ பக்கங்களைக் கிழித்த மாதிரி இருக்கிறது. எதைத் தவறவிட்டேன்? இன்னொன்று: என் 13 வயது மகளும் இந்தப் புத்தகங்களைக் கேட்கிறாள். மூன்றாவது நூலின் முடிவை மட்டும் தாண்டிவிடச் சொல்லிக் கொடுக்கலாமா? "ஓநாயைக் காதலிக்கிற கதைதானே" என்று கேலி செய்யும் என் கணவருக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லுங்கள்.
- வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் எதையும் கவனக்குறைவாகத் தவறவிடவில்லை. அந்தச் சம்பவம் வேறொரு வரிசையில் நடக்கிறது. பிரிக்ஸ் இதே உலகத்தை வைத்து 'ஆல்ஃபா அண்ட் ஒமேகா' என்று இன்னொரு தொடரும் எழுதுகிறார். மெர்சி வளர்ந்த மொன்டானா ஓநாய்க்கூட்டத்தின் தலைவர் பிரானின் மகன் சார்ல்ஸும், அவன் மனைவி அன்னாவும் அதன் நாயகர்கள். நீங்கள் முடித்த 'ரிவர் மார்க்ட்' 2011இல் வந்தது, கையில் இருப்பது 2013இல். இரண்டுக்கும் நடுவே 2012இல் வந்த 'ஃபேர் கேம்'தான் உங்களுக்கு விடுபட்ட புத்தகம்.

கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பாஸ்டனில் ஃபேக்களும் ஓநாய்மனிதர்களும் தொடர்ந்து கொல்லப்படுகிறார்கள். எஃப்.பி.ஐ.க்கு உதவ சார்ல்ஸும் அன்னாவும் போகிறார்கள். குற்றவாளி பிடிபடுகிறான், சாட்சியமும் இருக்கிறது, வழக்கும் நடக்கிறது. ஆனால் செத்தவர்கள் மனிதர்கள் இல்லை என்பதால் ஜூரிகள் அவனை விடுதலை செய்துவிடுகிறார்கள். அன்றே ஃபேக்கள் அமெரிக்காவுக்கும் தங்களுக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அறிவித்து வெளியேறுகிறார்கள். ஏழாவது புத்தகத்தில் வரும் 'கான்ட்ரிப்' என்ற அரசு அமைப்பும் 'ஃபேர் கேம்' படித்தவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். ஒரு தொடரின் முதுகெலும்பை இன்னொரு தொடருக்குள் வைத்தது வாசகருக்குச் செய்யும் அநியாயம்தான்.

உங்கள் கணவருக்கான பதிலும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. இந்த வகை நாவல்கள் பலவற்றில் மனிதனுக்கும் உருமாறிக்கும் நடக்கும் சண்டை, பல்லுக்கும் வெள்ளித் தோட்டாவுக்கும் நடக்கும் சண்டையோடு முடிந்துவிடும். பிரிக்ஸ் அதைச் சட்டத்தின் பிரச்சினையாக்குகிறார். ஓநாயாக மாறுகிறவன் குடிமகனா? அவனைக் கொன்றால் அது கொலையா, வேட்டையா? 'ஃபேர் கேம்' என்றால் தாராளமாக வேட்டையாடலாம் என்று விடப்பட்ட இரை; அந்தப் பெயரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

முதல் நாவலான 'மூன் கால்ட்' (2006) தொடங்கும்போது ஓநாய்மனிதர்கள் ஒளிந்துதான் வாழ்கிறார்கள். தடயவியலும் கேமராவும் பெருகிவிட்ட காலத்தில் இனி மறைந்திருக்க முடியாது, மற்றவர்கள் காட்டிக்கொடுப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது மேல் என்பது பிரானின் கணக்கு. எதிர்ப்பு முதலில் அவர் கூட்டத்துக்குள்ளிருந்தே கிளம்புகிறது. ஓநாய்மனிதர்களுக்கு முன்பே, 1980களில், வெளியே வந்தவர்கள் ஃபேக்கள். அவர்களுக்குக் கிடைத்தது ரிசர்வேஷன். மெர்சியின் குரு, ஃபே இனத்தவரான அந்தக் கிழட்டு மெக்கானிக் ஸீ, விருப்பமில்லாமல்தான் தன்னை யாரென்று ஊருக்குச் சொன்னார். சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தியவர்கள் அவருடைய இனத்துப் பெரியவர்களே. பலமானவர்கள் மறைந்துகொண்டு, பலவீனமானவர்களை முன்னால் நிறுத்துவது மாயவாசிகள் மட்டும் செய்கிற வேலையா என்ன!

இனி நிலப்படத்தைப் பாருங்கள்; ரிசர்வேஷன் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. கதை நடப்பது வாஷிங்டன் மாநிலத்தின் கென்னவிக், பாஸ்கோ, ரிச்லாண்ட் என்ற மூன்று நகரங்களில். பிரிக்ஸ் குடியிருப்பதும் அந்தப் பகுதியில்தான். அதற்குப் பக்கத்தில், வாலா வாலா அருகே, ஃபேக்களின் ரிசர்வேஷனை வைக்கிறார். 1855இல் அதே வாலா வாலாவில்தான் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் யக்காமா, உமட்டில்லா, நெஸ் பெர்ஸ் முதலான பூர்வகுடிகளை அழைத்து ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கி, அவர்களை ரிசர்வேஷன்களுக்குள் ஒடுக்கினார். ரிச்லாண்டை ஒட்டியுள்ள ஹான்ஃபோர்டில் 1943இல் அணுகுண்டுத் திட்டத்துக்காக விவசாயிகளையும் வானபம் என்ற பூர்வகுடி மக்களையும் வெளியேற்றினார்கள். நாகசாகி குண்டுக்கான புளுட்டோனியம் அங்கேதான் தயாரானது. 1957இல் கொலம்பியா நதியில் டாலஸ் அணை எழுந்தபோது, பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீன்பிடித்த செலைலோ அருவி தண்ணீருக்கடியில் போனது. நீங்கள் முடித்த 'ரிவர் மார்க்ட்' அந்தக் கொலம்பியா நதிக்கரையில்தான் நடக்கிறது. அதில் வரும் 'பார்த்துக்கொண்டிருப்பவள்' என்ற பாறைச் சித்திரம் கற்பனை இல்லை, இன்றும் அங்கே இருக்கிறது.

மெர்சியின் தகப்பன் பிளாக்ஃபீட் என்ற பூர்வகுடி இனத்தவன். அவள் ஓநாயாக மாறுபவள் அல்லள், கயோட்டி என்ற அமெரிக்கக் காட்டுநாயாக மாறுபவள். நினைத்த கணத்தில், வலியில்லாமல். நிலவுக்கும் வலிக்கும் கட்டுப்பட்ட ஓநாய்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு. அவளோ அந்த மண்ணின் பழைய கதையில் மிச்சம் நிற்பவள். ஓநாய்கள் நடுவே வளர்ந்தும் அவர்களில் ஒருத்தியாக முடியவில்லை, மனிதர்களிடமும் முழுதாக ஒட்ட முடியவில்லை. இரண்டு பக்கமும் அவளை நம்பாததால்தான் இரண்டு பக்கத்தையும் அவளால் பார்க்க முடிகிறது.

குறை இல்லையா? உண்டு. ஓநாய்க்கூட்டத்தில் பெண்ணின் அந்தஸ்து அவள் துணைவனின் அந்தஸ்துதான். மெர்சி இதோடு மல்லுக்கட்டுகிறாள், ஆனால் ஆசிரியர் அந்த ஏற்பாட்டை முழுதாக உடைக்கத் துணிவதில்லை. மனித வில்லன்கள் பல இடங்களில் அட்டைப் பொம்மைகள். வெறுப்பைச் சாதாரண மனிதர்களிடம் காட்டும்போதுதான் பிரிக்ஸ் கூர்மையாக எழுதுகிறார். அந்த ஜூரிகள் அப்படிப்பட்டவர்கள்.

மகள் விஷயத்தில், வேண்டாம். மூன்றாவது நூலான 'அயர்ன் கிஸ்ட்' முடிவில் வரும் பாலியல் வன்கொடுமையைத் தாண்டிப் படிக்க வழியில்லை. நான்காவது நாவல் 'போன் கிராஸ்ட்' அதன் பின்விளைவுகளைச் சுமந்துகொண்டேதான் நகர்கிறது: மெர்சிக்கு வரும் பயம், மூச்சுத்திணறல், தொட்டால் உதறிக்கொள்ளும் உடம்பு. அதை நேர்மையாக எழுதியதற்காகவே அந்தப் புத்தகத்தை நான் மதிக்கிறேன். வெட்டிக் கொடுத்தால் குழந்தைக்கு மிஞ்சுவது புரியாத ஒரு அச்சம்தான். முதல் நாவலை மட்டும் வேண்டுமானால் இப்போது கூடவே உட்கார்ந்து படியுங்கள். மற்றவை சில ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

நீங்கள் 'ஃப்ராஸ்ட் பர்ன்ட்'டை மூடி வைத்துவிட்டு 'ஃபேர் கேம்' படியுங்கள். அதற்கு முந்தைய 'க்ரை வுல்ஃப்', 'ஹன்டிங் கிரவுண்ட்' இரண்டையும் பிறகு படித்தாலும் குடிமுழுகாது. படித்தால் 'ஆல்ஃபா அண்ட் ஒமேகா' என்ற குறுநாவலிலிருந்து தொடங்குங்கள், அன்னா யாரென்று அதில்தான் தெரியும். ஃபேக்களோடு இந்தச் சிக்கல் எங்கே போய் நிற்கிறது என்பது ஒன்பதாவதான 'ஃபயர் டச்ட்'டில் (2016), பாஸ்கோவையும் கென்னவிக்கையும் இணைக்கும் கேபிள் பாலத்தில் தெரியத் தொடங்குகிறது.

உங்கள் கணவரிடம் 'ஃபேர் கேம்' மட்டும் கொடுங்கள். அதில் காதலிக்கிற வேலை இல்லை. சார்ல்ஸுக்கும் அன்னாவுக்கும் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது.